சோறிட்ட கையும் வேவு பார்த்த கண்ணும்



சென்ற மாதம் என் தமக்கையின் வீட்டிற்காக மாகறல் சென்றிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அது. திருஞானசம்பந்தர் பாடிய பழைய கோயிலால் பெயர்பெற்றது. நெல்வயலும் பனையுமாய், மாலை ஆறு மணிக்கெல்லாம் அடங்கிவிடும் ஊர்.

இரவு குடும்பச் செபம் முடிந்தபின், ஏழாம் வகுப்பில் பயிலும் பேத்தி ஒரு புத்தகத்துடன் வந்து என் அருகில் அமர்ந்தாள். பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்த வேற்றுநாட்டுக் கதை. பகைவர் கைப்பற்றிய ஒரு பட்டணத்தில் ரொட்டிக்கடைச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். நள்ளிரவில் மாவு பிசைந்து, விடியற்காலையில் கூடை சுமந்து, பகைவரின் பாளையத்திற்குச் சென்று சிப்பாய்களுக்கு ரொட்டி கொடுக்கிறான். கொடுக்கும்போதே குதிரைகளை எண்ணுகிறான், பீரங்கிகளை எண்ணுகிறான். எண்ணியதைச் சிறு தாளில் எழுதி, மறுநாள் ரொட்டிக்குள் வைத்துத் தன் நாட்டுப் படைக்கு அனுப்புகிறான். பட்டணத்தில் மறைந்திருக்கும் துரோகி யார் என்பதே கதையின் மர்மம். இறுதியில் துரோகி பிடிபடுகிறான். சிறுவனுக்குப் பதக்கம் கிடைக்கிறது.

குழந்தை கேட்டாள்: "தாத்தா, எல்லாரும் துரோகி யார், துரோகி யார் என்று தேடுகிறார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு இந்தப் பையன்தானே துரோகி? அவன் கொடுத்த ரொட்டியை நம்பித்தானே தின்றார்கள்?"

அவளுடைய தந்தை சிரித்துக்கொண்டே, "நாட்டுக்காகச் செய்தான் அம்மா, அது பாவமில்லை. என்ன மாமா, சரிதானே?" என்றார். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் தமக்கை அங்கிருந்தே, "நாடோ வீடோ, சோறு போட்ட கை குழி பறிக்கலாமா?" என்றாள். இருவரும் என்னைப் பார்த்தனர். குழந்தையும் பார்த்தாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தக் கடனைத்தான் இந்த மாதம் இங்கே அடைக்கிறேன்.

மெய்யாக வாழ்ந்த ரொட்டிக்காரர்

கதையில் வரும் சிறுவனை எனக்குத் தெரியாது. ஆனால் வேவுத்தொழிலுக்கு மிக அருகே சென்றுவந்த ரொட்டிக்காரர் ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். அவர் பெயர் கிறிஸ்டோபர் லுட்விக். ஜெர்மனி நாட்டுக் கீசன் நகரில் 1720-ல் ஒரு ரொட்டிக்காரரின் மகனாகப் பிறந்தவர். போர்வீரராகவும் மாலுமியாகவும் அலைந்து, 1754-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் குடியேறி, இஞ்சி ரொட்டி சுட்டு விற்றுப் பொருள் சேர்த்தவர்.

1776-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசை எதிர்த்து எழுந்தபோது, ஆங்கிலேயர் ஜெர்மனியிலிருந்து கூலிப்படைகளைக் கொண்டுவந்து இறக்கினர். லுட்விக் பேசிய மொழியே அவர்கள் மொழி. படையைவிட்டு ஓடிவந்தவர்போல் அவர் அவர்களுடைய பாளையத்திற்குள் நுழைந்தார். அங்கே அவர் எண்ணியது பீரங்கிகளை அல்ல. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய உழவர்கள் எவ்வாறு சொந்த நிலத்தில் மானத்துடன் வாழ்கிறார்கள் என்பதை அந்த ஏழைச் சிப்பாய்களுக்கு எடுத்துச் சொன்னார். போர் வேண்டாம், வந்து குடியேறுங்கள் என்பதே அவர் கொண்டுசென்ற செய்தி. வேடம் பொய்தான்; செய்தி மெய்.

மறு ஆண்டு அவரைப் படை முழுமைக்கும் ரொட்டி வழங்கும் தலைவராக நியமித்தார்கள். 100 பவுண்டு மாவுக்கு 100 பவுண்டு ரொட்டி தந்தால் போதும் என்று அவரிடம் கூறினர். நம் தாய்மார்கள் உடனே அறிவார்கள்: மாவு பிசையும்போது நீர் சேர்கிறது, ஆகவே ரொட்டியின் எடை மாவின் எடையைவிடக் கூடும். அந்த மிச்சத்தை விற்றே பலர் செல்வராயினர். லுட்விக்கோ, போரினால் நான் பணம் சேர்க்க விரும்பவில்லை, 135 பவுண்டு ரொட்டி தருகிறேன் என்றாராம். அவர் வரலாற்றை எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இதனைப் பதிவு செய்திருக்கிறார். சிறைப்பட்ட பகைவரையும் அன்புடன் நடத்தி நல்லுணவு தரவேண்டும் என்று வாதாடியவரும் அவரே. 1801-ல் இறக்கும்போது ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தம் சொத்தில் ஒரு பகுதியை எழுதிவைத்தார்.

அவர் வாழ்ந்த பிலடெல்பியாவிலிருந்து 1782-ஆம் ஆண்டு ஒரு போர்க்கப்பல் புறப்பட்டு, ஏப்ரல் 8-ஆம் நாள் ஆங்கிலக் கப்பல் ஒன்றை வென்றது. அந்த அமெரிக்கக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'ஹைதர் அலி!' நம் தென்னாட்டில் ஆங்கிலேயரைக் கலங்கவைத்தவரின் புகழ் கடல்கடந்து அந்த ரொட்டிக்காரரின் ஊர்வரை எட்டியிருந்தது. அந்தப் புகழ் பிறந்த களமோ வேறெங்கும் இல்லை. மாகறலிலிருந்து மாட்டுவண்டியில் ஒரே நாளில் போய்ச்சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. குழந்தாய், இனி உன் மண்ணின் கதையைக் கேள்.

காஞ்சியில் ஓர் இரவு

வடக்கே காஞ்சிபுரம், தென்மேற்கே வந்தவாசி, கிழக்கே செங்கற்பட்டு. இம்மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் உள்ளே மாகறல் அமைந்திருக்கும். 1780-ல் இந்த முக்கோணம் முழுதும் போர்நிலமாயிற்று.

அவ்வாண்டு ஜூலையில் மைசூர் மன்னர் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாகப் பெரும்படையுடன் தமிழகத்துச் சமவெளியில் இறங்கினார். ஏறத்தாழ 80,000 பேர் என்பர். ஊர்கள் எரிந்த புகை சென்னைப் பரங்கிமலைவரை தெரிந்தது. ஆகஸ்டில் அவர் ஆற்காட்டை முற்றுகையிட்டார். அதே மாதம் வந்தவாசிக் கோட்டையின் தலைவர் அதனை ஹைதரிடம் ஒப்படைக்க இசைந்திருந்தார். பிளின்ட் என்னும் ஆங்கிலேய இளம் அதிகாரி, கடிதம் கொடுக்க வந்திருப்பதாகச் சொல்லிச் சில சிப்பாய்களோடு உள்ளே நுழைந்து, அத்தலைவரையே பிடித்துக்கொண்டு கோட்டையைக் கைக்கொண்டார். வேடமும் தந்திரமும் இருதரப்பிலும் இருந்தன என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

ஆங்கிலப் படைத்தலைவர் ஹெக்டர் மன்றோ ஏறத்தாழ 5,000 பேருடன் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டு 29-ஆம் நாள் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஏறத்தாழ 2,800 பேருடன் வந்து அவரோடு சேரவேண்டும் என்பது ஏற்பாடு. பெய்லி கொசத்தலையாற்றை அடைந்தார், அன்றே கடந்திருக்கலாம், கடக்கவில்லை. இரவில் வெள்ளம் வந்தது. ஒரு வாரத்திற்கு மேல் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. கடந்துவந்த பின் செப்டம்பர் 6-ஆம் நாள் பேரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு அவரை வழிமறித்துத் தாக்கினார்.

மன்றோ ஏன் எழுந்து சென்று உதவவில்லை? இங்கேதான் சோறு கதைக்குள் வருகிறது. அவர் சென்னையிலிருந்து கொண்டுவந்த அரிசி சில நாள்களுக்கே போதுமானது. காஞ்சியில் கோயில் மதிலுக்குள் சேர்த்துவைத்த நெல்லே அவர் படைக்கு உயிர். அதைவிட்டுப் போனால் ஹைதரின் குதிரைகள் வந்து கொள்ளைகொள்ளும்; படை பட்டினி கிடக்கும். அவர் காலைக் கட்டிப்போட்டது நெல்மூட்டை.

எனவே செப்டம்பர் 8-ஆம் நாள் இரவு, கர்னல் பிளெச்சர் என்பவரை ஏறத்தாழ 1,000 பேருடன் பெய்லிக்குத் துணையாக அனுப்பினார். இருட்டில் ஏரிக்கரைகளும் வயல்வரப்புகளும் அறிந்த வழிகாட்டிகள் முன்னே நடந்தார்கள். அவர்கள் கம்பெனியின் சம்பளத்தை வாங்கியவர்கள். ஆனால் ஹைதரின் பணத்தையும் வாங்கியிருந்தார்கள்! மன்றோவின் பாளையத்தில் என்ன பேசினாலும் ஹைதருக்கு எட்டிவிடும். அவ்வளவு கூர்மையாய் அமைந்திருந்தது அவருடைய வேவு. வழிகாட்டிகள் பிளெச்சரை நேரே ஹைதரின் ஆள்கள் காத்திருந்த இடத்திற்கு அழைத்துச் சென்றார்கள்.

நடுவழியில் பிளெச்சருக்கு ஐயம் எழுந்தது. வழிகாட்டிகள் காட்டிய பாதையைவிட்டு விலகி, வேறு பாதையில் சுற்றி நடந்து, மறுநாள் காலை பெய்லியைச் சென்றடைந்தார். ஓர் ஐயம் அவ்விரவில் 1,000 பேரைக் காத்தது. மர்மக் கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சியாயிருக்கும்.

வரலாறு அங்கே முடியவில்லை. செப்டம்பர் 10-ஆம் நாள் காலை, காஞ்சிக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்துகொண்டனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படை அழிந்தது. பிளெச்சர் மாண்டார். சிறைப்பட்ட பெய்லி 1782-ல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். செய்தி அறிந்த மன்றோ, காஞ்சியில் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். இந்தப் போரின் காட்சி இன்றும் சீரங்கப்பட்டணத்துத் 'தரியா தௌலத்' மாளிகையின் சுவரில் வண்ண ஓவியமாய் இருக்கிறது.

அதே புள்ளலூரில்தான் அதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பகைவரோடு போரிட்டான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. ஒரே மண் எத்தனை படைகளைக் கண்டிருக்கிறது, பாருங்கள்!

ஓவியத்தில் வராதவர்கள்

அந்தச் சுவரோவியத்தில் யானைகள் உண்டு. பல்லக்கில் அமர்ந்த பெய்லி உண்டு. களஞ்சியம் எரிந்துபோன உழவன் இல்லை. விதைநெல்லைப் பறிகொடுத்த தாய் இல்லை. போரைத் தொடர்ந்து கொடிய பஞ்சம் வந்தது. ஊர்களை விட்டு மக்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782-ல் சென்னையில் மணியக்காரர் சத்திரம் தோன்றியது. பின்னாளில் அதனோடு மருத்துவமனையும் சேர்ந்து, 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்களால் அழைக்கப்பட்டு, இன்று ஸ்டான்லி மருத்துவமனையாய் வளர்ந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் 1780-ன் பசி நினைவுக்கு வரவேண்டும்.

ஒற்றனின் கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் அவன் கொண்டுசென்ற செய்தியோடு நிறுத்திவிடுவர். அச்செய்தி போய்ச்சேர்ந்த பின் யார் பட்டினி கிடந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

நம்பப்பட்டவர் ஒருவர், ஐயுறப்பட்டவர் ஒருவர்

அதே போர்க்காலத்தில் தஞ்சையில் வாழ்ந்தவர் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். நம் பிரிந்த சகோதரராகிய லுத்தரன் சபையைச் சேர்ந்த ஜெர்மானியப் போதகர். 1779-ல் சென்னை ஆளுநர் அவரை ஹைதரிடம் தூது அனுப்பினார். ஹைதரின் உள்ளக்கிடக்கை என்ன என்று அறிந்துவரவேண்டும் என்பதே கம்பெனியாரின் நோக்கம். ஏறத்தாழ வேவுக்காரரின் வேலைதான். சமாதானத்திற்கான தூது என்பதற்காகவே சுவார்ட்ஸ் சென்றார். ஹைதரின் முன் மனத்தில் ஒன்றும் மறைக்காமல் பேசினார். ஹைதர் வழிச்செலவுக்கென்று கொடுத்த 300 ரூபாயையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், தஞ்சையில் ஒரு தருமப் பள்ளிக்குப் பயன்படுத்தினார்.

மறு ஆண்டு போர் மூண்டபோது ஹைதர் தம் அதிகாரிகளுக்கு, இந்தப் பெரியவரைத் தடை செய்யாமல் செல்லவிடுங்கள், இவர் மனத்தில் தீங்கு இல்லை என்று கட்டளையிட்டாராம். தஞ்சைக் கோட்டை பசியால் வாடியபோது உழவர்கள் நெல் கொண்டுவர மறுத்தார்கள். அரசரின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் அவர்கள் நம்பவில்லை. விலை கொடுக்காமல் ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். சுவார்ட்ஸ், 'உங்கள் பணத்திற்கு நான் பொறுப்பு' என்று எழுதினார். சில நாள்களிலேயே 80,000 கலம் நெல் வந்துசேர்ந்தது! ஒற்றர்கள் ஆயிரம் பேரை வைத்திருந்த இரண்டு அரசுகளுக்கும் வராத நெல், ஒரு மனிதரின் சொல்லுக்கு வந்தது.

இன்னொருவர் நம் புனிதர் யோசேப் வாஸ் அடிகளார். கோவா நாட்டில் 1651-ல் பிறந்த குரு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த இலங்கைக்கு, 1687-ல் கூலியாள் உடையில், யோவான் என்னும் ஊழியர் துணையுடன் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாய்ப் பிச்சை கேட்டு, அந்த மாலையைக் கண்டு முகம் மலர்பவர் யார் என்று பார்த்தே மறைந்துவாழ்ந்த கிறிஸ்தவர்களை அறிந்துகொண்டார். எந்த மர்மக் கதைக்கும் குறையாத வரலாறு அன்றோ? 1692-ல் கண்டி மாநகர் சென்றபோது, இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று குற்றம் சாட்டிக் காவலில் வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அம்மை நோய் கண்டியில் பரவியது. பெற்றோரே பிள்ளைகளைக் காட்டில் விட்டு ஓடிய வேளையில், ஒற்றர் எனப்பட்ட அந்த மனிதர் நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டினார், புண் கழுவினார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

யோசேப் வாஸும் வேடம் பூண்டார். காஞ்சி வழிகாட்டிகளும் வேடம் பூண்டனர். வேடம் ஒன்றே, வேறுபாடு எங்கே? அடிகளார் மறைந்து சென்றது தம்மை நம்பியவர்களுக்கு உயிர் கொடுக்க. வழிகாட்டிகள் மறைத்தது தம்மை நம்பியவர்களின் உயிரை விற்க.

அப்பமும் காட்டிக்கொடுப்பும்

விவிலியத்திலும் ஒற்றர்கள் வருகிறார்கள். யோசுவா அனுப்பிய இருவரை எரிக்கோவில் ராகாபு தன் வீட்டு மெத்தைமேல் சணல் தட்டைகளுக்குள் ஒளித்துவைத்தாள். ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாறோ உணவைச் சுற்றியே நடக்கிறது. பாரவோனின் ரொட்டி சுடுவோர் தலைவன் அவரோடு சிறையில் இருந்தான். பின்னர் பஞ்சகாலத்தில் களஞ்சியத்தின் சாவி யோசேப்பின் கைக்கு வந்தது. தானியம் கேட்டுவந்த தம் சகோதரரைப் பார்த்து, நீங்கள் ஒற்றர்கள் என்றார். தம்மை விற்றவர்கள் அவர்களே. பழிவாங்க எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனாலும் சாக்கை நிரப்பித்தான் அனுப்பினார், பணத்தையும் திருப்பிவைத்தார்.

கடைசியாக, பெரிய வியாழன் இரவை எண்ணிப் பாருங்கள். காட்டிக்கொடுத்தவன் வெளியார் அல்லன். ஒரே தட்டில் கையிட்டு உண்டவன். ஆண்டவர் அப்பத்துண்டைத் தோய்த்து அவனுக்கே கொடுத்தார். அவர் கை அப்பம் கொடுத்தது. அவன் கை வெள்ளிக்காசு வாங்கியது. நற்கருணை நிறுவப்பட்ட அதே பந்தியில் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை. உணவு பகிர்வது என்பது, என் உயிர் உன் கையில் பத்திரம் என்று இருவரும் சொல்லாமல் சொல்லும் வாக்கு. அந்த வாக்கை ஆயுதமாக்கும்போதுதான் மனித மனம் கூசுகிறது. என் தமக்கை பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னதும் இதுவே.

நம் வீட்டு ஒற்றர்கள்

இதெல்லாம் அரசர் காலத்துக் கதை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். நம் வீடுகளில் ஒற்றர் இல்லையா? "அம்மா பாட்டியைப் பற்றி என்ன சொன்னாள்?" "நான் இல்லாதபோது யார் வந்தார்கள்?" "அப்பாவின் கைபேசியில் யார் பேசினார்கள், பார்த்து வா." "சித்தி வீட்டில் என்ன நகை வாங்கியிருக்கிறார்கள், கேட்டு வா." மிட்டாய் ஒன்று கையில் கொடுத்து நாம் அனுப்பும் அந்தக் குழந்தைதான் நம் ரொட்டிக்கடைச் சிறுவன். அம்மா கையால் உண்டு அப்பாவிடம் சொல்கிறது. பாட்டி மடியில் படுத்து அம்மாவிடம் சொல்கிறது. பெரியவர்கள் பிற்பாடு சமாதானம் ஆகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் காட்டிக்கொடுத்த குற்றவுணர்வு குழந்தையிடம் தங்கிவிடும்.

இதைப் பிறருக்கு உபதேசிக்கும் தகுதி எனக்குக் குறைவு. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், நான் வகுப்பில் இல்லாதபோது யார் பேசுகிறார்கள், யார் பிறர் கணக்கைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுவதற்கு ஒரு மாணவனை இரகசியமாக ஏற்படுத்தினேன். ஒழுங்கானவன், ஏழை வீட்டுப் பிள்ளை. மாதத்திற்கு ஒரு பென்சில் பரிசு. வகுப்பு அமைதியாயிற்று, தலைமையாசிரியர் என்னைப் பாராட்டினார். ஒரு நாள் நண்பகல், பிள்ளைகள் புங்கமரத்தடியில் வட்டமாய் அமர்ந்து சாப்பிடுவதைக் கண்டேன். ஒருவர் குழம்பு ஒருவருக்குப் போகும். ஒருவர் ஊறுகாய் எல்லாருக்கும் போகும். அந்தப் பையன் மட்டும் பள்ளிச் சுவரைப் பார்த்தபடி, தூக்குச்சட்டியை மடியில் வைத்துத் தனியே உண்டுகொண்டிருந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. பந்தியிலிருந்து நீக்கிவிட்டார்கள், அவ்வளவே.

அன்றே அந்த வேலையை நிறுத்தினேன். மறுநாள் வகுப்பின் முன், அவனைச் சொல்லச் சொன்னவன் நானே, குற்றம் என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வட்டத்தில் அவனுக்கு இடம் கிடைக்கப் பல வாரங்கள் ஆயின. அந்தச் சிறுவனின் முதுகு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லவேண்டும். தனக்கோ மற்றொரு பிள்ளைக்கோ யாரேனும் தீங்கு செய்தால், "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டினால், குழந்தை அதைத் தாய் தந்தையிடமும் ஆசிரியரிடமும் உடனே சொல்லவேண்டும். அது வேவு அன்று, அது காவல். அப்படிச் சொல்லும் குழந்தையைக் கோள்சொல்லி என்று கடிந்துகொள்வது பெரும்பாவம். தீயவன் ஒளிந்துகொள்ள நம் குழந்தையின் மௌனம் திரையாகக் கூடாது.

பேத்திக்கு எழுதியது

அன்புக் குழந்தாய், நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். தன் ஊரைக் காக்க எண்ணிய அந்தச் சிறுவனின் அன்பு நல்லது. உன் அப்பா சொன்னது பிழையில்லை. ஆனால் நம்பி உண்டவர்களின் நம்பிக்கையையே கருவியாக்க நேர்ந்ததே, அது காயம்; உன் பாட்டி சொன்னதும் பிழையில்லை. அந்தக் காயத்தைச் சொல்லாமல் பதக்கத்தை மட்டும் காட்டுகிற கதை பாதிக் கதை. அதைவிடப் பெரிய குற்றம் அந்தச் சிறுவனுடையதன்று. கூடையோடு அந்த வேலையையும் ஒரு சிறுவன் தலையில் ஏற்றிய பெரியவர்களுடையது. இதையும் அறிந்துகொள்: 1792-ல் திப்புவின் இரண்டு மகன்கள், உன்னைவிடச் சிறியவர்கள், தந்தையின் போர்க்கடனுக்குப் பிணையாகக் கார்ன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டனர். பெரியவர்களின் சண்டையில் குழந்தைகள் சுமக்கும் பாரம் எப்போதும் அவர்கள் வயதைவிடக் கனமானது.

இனி இப்படிப்பட்ட கதைகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுப் பார். இவனை நம்பியவர் யார்? இவன் மறைத்ததால் யார் பிழைத்தார், யார் மாண்டார்? கதை முடிந்தபின் இவன் யாரோடு அமர்ந்து சாப்பிட்டான்? மூன்றாம் கேள்விக்கு விடை தேடினால், புத்தகத்தில் எழுதாத பகுதியும் உனக்குப் புலப்படும்.

குடும்பத்தாரே, இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு சிறு தீர்மானம் செய்யுங்கள். ஒருவரைப் பற்றி அறியவேண்டுமானால் அவரையே கேளுங்கள், குழந்தையை அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பியிருந்தால், இன்றிரவு உணவுக்கு அமருமுன் அந்தக் குழந்தையிடம், "இனி நீ எதையும் பார்த்துவந்து சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து, சிலுவை அடையாளம் வரைந்து, சாப்பிடுங்கள்.